ரீலோடிங்: ஒரே பவுடருக்கு 4.0, 4.2, 4.3 காட்டுகிறது. தராசில் எந்த எண்ணை நம்புவது?

செழியன்_38

அனைவருக்கும் வணக்கம். சுட்ட தோட்டாவின் கேஸில் (வெற்று உறையில்) புதிதாகப் பவுடர் நிரப்பும் ரீலோடிங் பக்கம் இப்போதுதான் வருகிறேன். உரிமம், அனுமதி எல்லாம் முறைப்படி முடிந்தது. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ், 38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவுக்கான டை (அச்சு) செட், பவுடர் அளவுகளைச் சொல்லும் மேனுவல் எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. கேஸைச் சுத்தம் செய்வது, பழைய அளவுக்கு ரீசைஸ் செய்வது, பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பொருத்துவது வரை தடுமாற்றம் இல்லை. பவுடரில்தான் நின்றுவிட்டேன்.

கையில் இருப்பது பேட்டரியில் ஓடும் சின்ன டிஜிட்டல் தராசு. கிரெய்ன் என்ற சின்ன எடை அலகில் காட்டும். என் புல்லட்டுக்கு மேனுவல் சொல்லும் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே அரை கிரெய்ன்தான் இடைவெளி. ஒரே பவுடரைத் தட்டில் வைத்தால் 4.2 காட்டுகிறது. எடுத்துத் திரும்ப வைத்தால் 4.3. இன்னொரு தரம் 4.0. இதில் விசித்திரம், 4.1 என்று அது காட்டியதே இல்லை.

தராசு பழுதா, நான் வைக்கும் விதம் தப்பா? 0.02 கிரெய்ன் வரை காட்டும் உயர்ரகத் தராசு வாங்கினால்தான் பாதுகாப்பா? ஒவ்வொரு தோட்டாவுக்கும் எடை போட வேண்டுமா, கொள்ளளவில் அளந்து கொட்டும் பவுடர் மெஷரில் போட்டுக்கொண்டே போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய தராசு

தம்பி செழியன், 4.1 காட்டியதே இல்லை என்றீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. தராசு பழுதில்லை. அது உள்ளுக்குள் கிராமில்தான் எண்ணுகிறது, அதுவும் 0.01 கிராம் படியில். அந்த எண்ணைப் பெருக்கி கிரெய்னாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1 கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். 1 கிராமுக்கு 15.43 கிரெய்ன், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஆக 0.01 கிராம் என்பது 0.15 கிரெய்ன். இனி உங்கள் தராசின் படிகளை வரிசையாகப் பாருங்கள். 0.26 கிராம் என்றால் 4.01 கிரெய்ன், திரையில் 4.0. அடுத்த படி 0.27, அதாவது 4.17, திரையில் 4.2. அடுத்து 0.28, அதாவது 4.32, திரையில் 4.3. அதற்கும் அடுத்தது ஒரே தாவாக 4.5. நடுவில் 4.1 வரவும் வராது, 4.4 வரவும் வராது. புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் தெரிவதால் 0.1 கிரெய்னைப் பிரித்துச் சொல்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் வேலைக்கு இது போதாது. உங்களுக்கு இருக்கும் இடைவெளி அரை கிரெய்ன். தராசு ஆடுவது 0.3 கிரெய்ன். பாதிக்கு மேல் தராசே தின்றுவிட்டது. பவுடர் வேலைக்கு அதைத் தொடாதீர்கள்.

வாங்கும்போது கிரெய்னில் என்ன காட்டுகிறது என்று பார்க்காமல், கிராமில் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று பாருங்கள். இரண்டு இலக்கம் என்றால் வேண்டாம். மூன்று இலக்கம் என்றால் ஒரு படி 0.015 கிரெய்ன், அது போதும், நிறையவே போதும். ரீலோடிங்குக்கென்றே செய்யும் தராசுகளில் ‘கூடக் குறைய 0.1 கிரெய்ன்’ என்று எழுதியிருப்பார்கள். அதுவும் போதும்.

இன்னொன்று. அலகு மாற்றும் பொத்தானை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கிராம், கிரெய்ன், காரட், அவுன்ஸ் எல்லாம் ஒரே பொத்தானில் சுழலும். 1 காரட் 3.09 கிரெய்ன். காரட்டில் இருப்பதைக் கவனிக்காமல் 4.0 அளந்தால் 12 கிரெய்னுக்கு மேல் போகும், 38 ஸ்பெஷல் கேஸ் அதையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். ‘ஜிஆர்’ என்ற சுருக்கத்தைச் சிலர் கிராமுக்கும் போடுகிறார்கள். ரீலோடிங் மேனுவலில் அது எப்போதும் கிரெய்ன்தான்.

நிலா_எஸ்

பழைய தராசு ஐயா சொன்னது அப்படியே உண்மை. நான் ஆய்வகத்தில் தராசோடு வேலை செய்பவள். அதனால் ஒன்று சேர்க்கிறேன்: எத்தனை இலக்கம் காட்டுகிறது என்பது வேறு, காட்டுவது சரியா என்பது வேறு, ஒரே பொருளுக்கு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டுமா என்பது இன்னும் வேறு. மூன்று இலக்கத் தராசு மூன்றிலும் தேறும் என்று கட்டாயம் இல்லை.

தராசோடு 20 கிராம் அல்லது 50 கிராம் எடைக்கல் ஒன்று தருவார்கள். அதை வைத்துக் கேலிபரேட் செய்து ‘பாஸ்’ வந்ததும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். நீங்கள் அளக்கப்போவது கால் கிராம். 50 கிராமில் சரியாக நிற்கும் தராசு 0.26 கிராமில் தடுமாறலாம். சோதனை உங்கள் அளவுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும்.

அதற்கு மில்லிகிராம் எடைக்கல் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன உலோகத் தகடுகளாக வரும், ஓரம் மடித்திருக்கும். எடைக்கல்லின் துல்லியத்துக்கு ஓஐஎம்எல் என்ற சர்வதேச அமைப்பின் வகுப்புகள் உண்டு. எம்1 வகுப்பில் 200 மில்லிகிராம் கல்லுக்கு அனுமதிக்கும் பிழை 0.6 மில்லிகிராம், அதாவது 0.01 கிரெய்ன்கூட இல்லை. நம் வேலைக்கு எம்1 தாராளம். அதைவிடத் துல்லியமான எஃப்1 வாங்கினால் தப்பில்லை, தேவையில்லை.

200, 50, 10 மில்லிகிராம் மூன்றையும் சேர்த்து வைத்தால் 260 மில்லிகிராம், 4.01 கிரெய்ன். உங்கள் 38 ஸ்பெஷலுக்கு அதுதான் சோதனைக் கல். பின்னால் 308 ரைஃபிள் தோட்டா தொடங்கினால் 2 கிராம், 500, 200 மில்லிகிராம் சேர்த்தால் 2.7 கிராம், 41.67 கிரெய்ன். விரலால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் எடைதான். செட்டோடு வரும் இடுக்கியால் எடுத்து வையுங்கள்.

எடைக்கல் வரும்வரை ஒரு புல்லட்டை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் போட்ட எடையை நம்பி அல்ல. ஒரே புல்லட்டை ஒதுக்கி அடையாளமிட்டு, அது நேற்றும் இன்றும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று மட்டும் பார்க்க. அது சரியா என்பதைச் சொல்லாது, மாறிவிட்டதா என்பதைச் சொல்லும்.

வில்லாளன்

டிஜிட்டல் தராசு ஆடுவதற்குப் பாதிக் காரணம் நாம் அதை வைக்கும் இடம்தான். உள்ளே இருப்பது உலோகக் கட்டையில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ். எடை பட்டால் கட்டை நுண்ணிய அளவு வளையும், மின்தடை மாறும். வெப்பம் மாறினாலும் அதே மின்தடை மாறும். அதனால் போட்டவுடன் அளக்கத் தொடங்காதீர்கள், அரை மணி நேரம் ஓடட்டும். மின்விசிறி, ஏசி காற்று, ஜன்னல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நீங்கள் விடும் மூச்சுக்கே கடைசி இலக்கம் ஆடும், மூடியை மூடிவிட்டுப் படியுங்கள். பிரஸ் பூட்டிய மேசையிலேயே தராசை வைக்காதீர்கள், கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் மேசை அசையும். கைபேசி பக்கத்தில் வேண்டாம்.

நிலை மின்சாரமும் தொல்லைதான். காற்று வறண்டிருக்கும் நாளில் பிளாஸ்டிக் புனலில் பவுடர் ஒட்டிக்கொண்டு நிற்கும், தராசின் பிளாஸ்டிக் மூடியே தட்டை இழுக்கும். உலோகத் தட்டும் உலோகப் புனலும் இருந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஒன்று இருக்கிறது, அதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. டிரிக்ளரை வைத்து, தட்டு தராசில் இருக்கும்போதே மணி மணியாகப் பவுடரைச் சொட்டவிட்டுப் பாருங்கள். ஒரு மணி விழும், எண் மாறாது. இன்னொன்று விழும், மாறாது. ஏன் தெரியுமா? மலிவான தராசுகளில் தானாகப் பூஜ்யத்தைத் திருத்தும் ஏற்பாடு உண்டு. மெதுவாக ஏறும் சிறு எடையை அது ‘வெப்பத்தால் வந்த நகர்வு’ என்று நினைத்து விழுங்கிவிடும். திரையில் 4.0 நிற்கும், தட்டில் அதற்கு மேல் கிடக்கும். அதனால் கடைசி மணிகளைச் சேர்த்த பிறகு தட்டைத் தூக்கி, ஒரு நொடி விட்டு, திரும்ப வையுங்கள். அப்போது வரும் எண்தான் எண்.

தட்டைத் தூக்கும்போது இன்னொரு பலனும் உண்டு. தட்டோடு பூஜ்யம் வைத்திருந்தால், தூக்கியதும் தட்டின் எடை மைனஸில் தெரியும். மைனஸ் 148.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தராசின் மேல் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கண் அங்கே போகட்டும். அது 148.8 ஆகிவிட்டால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது, நிறுத்துங்கள், மறுபடி பூஜ்யம் வைத்து, கடைசியாக அளந்தவற்றைத் திரும்ப எடை போடுங்கள்.

ஐந்தாம்_வளையம்

இத்தனை தொல்லைக்குப் பதில் கோலின் மேல் கல்லை நகர்த்திச் சமன் செய்யும் பீம் தராசு வாங்கிவிடலாமே! மின்சாரம் வேண்டாம், சூடாக வேண்டாம், கைபேசிக்குப் பயப்பட வேண்டாம். கத்தி விளிம்பு அகேட் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் இயந்திரம். ஊசலாட்டத்தை நிறுத்த முனையில் ஒரு செம்புத் தகடு, இரு பக்கமும் காந்தம். தகடு அசையும்போது அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து அசைவைப் பிடித்து நிறுத்தும். தொடுதல் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. தலைமுறை தாண்டிய பீம் தராசுகள் இன்றும் 0.1 கிரெய்னைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஒற்றை மணி பவுடர் விழுந்தால் முள் நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தராசை முள்ளின் கோடு கண் மட்டத்துக்கு வரும்படி உயரத்தில் வையுங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒரு கோடு தள்ளித்தான் தெரியும். காலில் உள்ள திருகைத் திருப்பி வெறும் தட்டோடு பூஜ்யம் சரிசெய்யுங்கள். கத்தி விளிம்பில் எண்ணெய் போடவே கூடாது, தூசி பிடித்து முள் மந்தமாகிவிடும்.

வில்லாளன்

அண்ணா, பீமிலும் பள்ளம் இருக்கிறது. நகரும் பெரிய கல் ஒரு வெட்டு தள்ளி உட்கார்ந்தால் மாடலைப் பொறுத்து 5 அல்லது 10 கிரெய்ன் பிழை. சின்னக் கல்லை மட்டும் பார்த்து 4.0 என்று வைத்துவிட்டு எழுந்தால், பெரிய கல் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்க மறந்துபோகும். டிஜிட்டலில் அந்த வகைப் பிழை வராது. அதோடு பீம் உங்கள் பவுடர் எவ்வளவு என்று சொல்லாது, நீங்கள் வைத்த அளவுக்குக் கூடவா குறையவா என்றுதான் சொல்லும்.

ஐந்தாம்_வளையம்

பெரிய கல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கல்லை வைத்ததும் அந்த எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன், பெரிய கல், சின்னக் கல் இரண்டையும். எடைக்கல் வைத்துச் சோதித்தால் அந்தப் பிழை உடனே மாட்டிக்கொள்ளும். முடிந்தால் இரண்டு தராசும் வைத்துக்கொள்வதே நல்லது. வேலை செய்யும் விதம் வேறு வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே தப்பை ஒரே நேரத்தில் செய்வது அபூர்வம்.

செழியன்_38

எல்லோருக்கும் நன்றி. கிராமுக்கு மாற்றிப் பார்த்தேன், பழைய தராசு ஐயா சொன்னது போலவே 0.26, 0.27, 0.28 என்றுதான் ஓடுகிறது. பீம் தராசும் எம்1 எடைக்கல்லும் ஏற்பாடு செய்கிறேன்.

மெஷர் பற்றிய கேள்வி நிற்கிறது. அப்புறம், 38 ஸ்பெஷலுக்கு யாராவது பயன்படுத்தும் அளவைச் சொன்னால் மேனுவலோடு ஒப்பிட்டுக்கொள்வேன்.

மாடரேட்டர்

பவுடர் பெயரோடு அளவு எழுத இங்கே அனுமதி இல்லை. பவுடர் தயாரிப்பாளர் வெளியிடும் மேனுவல் அல்லது அவர்களுடைய இணையத் தரவு, அதுவும் இப்போதைய பதிப்பு, அங்கிருந்து மட்டும் எடுங்கள். எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் 4.2 என்பது 42 ஆகும். இன்னொருவர் துப்பாக்கி, இன்னொருவர் கேஸ், இன்னொருவர் பிரைமர், இன்னொருவர் புல்லட் நீளம், எதுவும் உங்களுடையது அல்ல.

மேனுவலில் தொடக்க அளவு தனியாகக் கொடுத்திருந்தால் அங்கே தொடங்குங்கள். உச்ச அளவு மட்டும் இருந்தால் வழக்கம் அதில் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது. எல்லாப் பவுடருக்கும் அந்த விதி பொருந்தாது. எச்110, வின்செஸ்டர் 296 என்ற இரண்டு பவுடர்களையும் 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். ஆகவே பவுடர் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்துக் குறிப்பையும் படியுங்கள். குறைத்தால் பாதுகாப்பு என்பது எல்லா இடத்திலும் உண்மை இல்லை.

பழைய தராசு

மெஷருக்கு வருவோம். மெஷர் எடை போடுவதில்லை, கொள்ளளவை அளக்கிறது. உருளைக்குள் ஒரு குழி, கைப்பிடியை ஏற்றினால் குழி நிரம்பும், இறக்கினால் கொட்டும். குழிக்குள் பவுடர் எவ்வளவு நெருக்கமாக அடைகிறது என்பதில்தான் எடை இருக்கிறது. அது மூன்று விஷயத்தைப் பொறுத்தது: பவுடரின் வடிவம், மேலே ஹாப்பரில் (பவுடர் ஊற்றி வைக்கும் குடுவையில்) எவ்வளவு நிற்கிறது, உங்கள் கை.

உருண்டை மணிப் பவுடர் தண்ணீர் மாதிரி ஓடும், ஒவ்வொரு தடவையும் ஒரே எடை விழும். செதில் பவுடரில் செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று படிவதால் கொஞ்சம் கூடக் குறைய வரும், கை சீராக இருந்தால் சமாளிக்கலாம். குச்சிப் பவுடர்தான் அடங்காது. ஐஎம்ஆர் 4064 மாதிரி நீளக் குச்சிகள் குழி விளிம்பில் குறுக்கே மாட்டும், உருளை அவற்றை வெட்டிக்கொண்டு திரும்பும். கையில் ‘நறுக்’கென்று தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தக் கொட்டலை ஹாப்பருக்கே திருப்பி விடுங்கள். 308-க்குக் குச்சிப் பவுடர் போட்டால், மெஷரில் கொஞ்சம் குறைவாகக் கொட்டி, தராசில் வைத்து டிரிக்ளரால் மீதியை நிரப்புவதுதான் வழி.

ஹாப்பரில் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். உள்ளே ஒரு தடுப்புத் தகடு போட்டால் மேலே உள்ள பவுடரின் பாரம் குழி மேல் நேராக விழாது. நிரப்பியதும் முதல் பத்துக் கொட்டல்களைத் திருப்பி ஊற்றுங்கள், பவுடர் படியட்டும். பிறகு கை: மேலே ஏற்றி ஒரு தட்டு, கீழே இறக்கி ஒரு தட்டு, ஒவ்வொரு தடவையும் அதே வேகம், அதே தட்டு. வேகமாகப் போட்டுவிட்டு நடுவில் பேச நின்றால் அடுத்த கொட்டல் மாறும்.

சரி, இனி எடை. பத்துக் கொட்டல்களை ஒரே தட்டில் சேர்த்து எடை போட்டுப் பத்தால் வகுத்தால் சராசரி கிடைக்கும். தராசின் சின்னப் பிழையும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. ஒன்றில் 3.5, அடுத்ததில் 4.5 விழுந்தாலும் சராசரி 4.0 என்றுதான் வரும். அதனால் பத்தைத் தனித்தனியாகவும் எடை போட்டு மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். அந்த வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தாலும் உச்ச அளவைத் தொடாத இடத்தில்தான் மெஷரை நிறுத்த வேண்டும். புதியவராக இருக்கும்வரை எல்லாவற்றையும் எடை போடுங்கள், மெஷரும் கையும் பழகிய பின் பத்துக்கு ஒன்று.

இறங்கு குழாயையும் பாருங்கள். பவுடர் குழாயில் அடைத்து நின்றால் ஒரு கேஸுக்குப் பாதி விழும், அடுத்த கேஸுக்கு அந்த மீதியும் சேர்ந்து விழும். குறைவாக ஒன்று அகப்பட்டால், அதோடு நிறுத்தாமல் அடுத்து நிரப்பியதையும் கொட்டி எடை போடுங்கள்.

நிலா_எஸ்

0.02 கிரெய்ன் தராசு பற்றி செழியன் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எண்களை வைத்தே பார்க்கலாம். 4 கிரெய்னில் 0.1 என்பது 2.5 சதவீதம். 42 கிரெய்னில் அதே 0.1 என்பது கால் சதவீதம்கூட இல்லை. ஆக சின்ன அளவு போடும் பிஸ்டல், ரிவால்வர் தோட்டாவில்தான் தராசு அதிகம் தேவைப்படுகிறது. ‘கைத்துப்பாக்கிதானே, மெஷர் போதும்’ என்று சொல்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

308-இல் மேனுவல் அட்டவணையைப் பார்த்தால் ஒரு கிரெய்ன் கூடும்போது வேகம் நொடிக்குச் சுமார் 50, 60 அடி கூடும். அப்படியென்றால் 0.1 கிரெய்னுக்கு 5, 6 அடி. 100 மீட்டர் இலக்கில் அது தெரியவே தெரியாது. 1000 மீட்டர் போட்டிக்குப் போகிறவர்களுக்குத்தான் 0.02-இன் பலன் தெரியும், அவர்கள் குச்சி மணிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறவர்கள். அந்தத் தராசுகளில் ஸ்ட்ரெயின் கேஜ் கிடையாது. காந்த விசையால் தட்டைத் தாங்கி, அதற்கு ஆகும் மின்னோட்டத்தை அளக்கும். அருமையான கருவி. செழியனுக்கு இப்போது வேண்டாம்.

ரேவதி_ரிவால்வர்

இவ்வளவு நேரம் எல்லோரும் 0.1 பற்றிப் பேசுகிறோம். கையைக் காயப்படுத்துவது 0.1 இல்லை. ஒரே கேஸில் இரண்டு தடவை போட்ட பவுடர், அல்லது போடவே போடாத பவுடர். இந்த இரண்டையும் எந்தத் தராசும் பிடிக்காது, ஏனென்றால் தராசில் ஒவ்வொரு அளவும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

38 ஸ்பெஷலில் இது மற்றவற்றைவிட மோசம், காரணம் வரலாறு. அது 1898-இல் கருமருந்துக் காலத்தில் வந்த கேஸ், 21 கிரெய்ன் கருமருந்து அடைக்கும் கொள்ளளவு. இன்று அதே கேஸில் புகையில்லாப் பவுடர் நாலைந்து கிரெய்ன் போடுகிறோம். அடியில் கொஞ்சம் கிடக்கும், மேலே முழுக்கக் காலி. இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, மூன்று மடங்கு போட்டாலும் புல்லட் உட்கார்ந்துவிடும். தோட்டாக்களுக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சாமி (SAAMI) 38 ஸ்பெஷலுக்கு வைத்திருக்கும் அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), அதிக அழுத்தம் கொண்ட பிளஸ் பி வகைக்கே 20,000. வேகமாக எரியும் பவுடர் இரட்டிப்பானால் அந்த வரம்பு எங்கேயோ நின்றுவிடும், சிலிண்டர் பிளக்கும்.

அதனால் புதியவருக்குப் பவுடர் தேர்வே பாதுகாப்பின் முதல் படி. மேனுவலில் உங்கள் புல்லட்டுக்குப் பட்டியலிட்ட பவுடர்களில் கேஸைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான ஒன்றை எடுங்கள். இரண்டாவது தடவை போட்டால் விளிம்பு தாண்டி மேசையில் கொட்டும், கண் தவறாது.

அப்புறம் முறை. பிரைமர் போட்ட கேஸ்கள் எல்லாம் லோடிங் பிளாக்கில் (கேஸ்களை நிறுத்தக் குழிகள் உள்ள பலகையில்) வாய் கீழாகக் கவிழ்ந்து நிற்கட்டும். ஒன்றை நிமிர்த்து, பவுடர் போடு, இன்னொரு பிளாக்கில் வை. நிமிர்ந்து நிற்பதெல்லாம் பவுடர் உள்ளவை, கவிழ்ந்தவை இல்லாதவை. பிளாக் நிரம்பியதும் டார்ச் அடித்து, மேலிருந்து நேராக, வரிசை வரிசையாக ஒவ்வொரு கேஸுக்குள்ளும் பார்க்க வேண்டும். பவுடர் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக நிற்கும். ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் நிழல் வேறு மாதிரி விழும், கண் உடனே நிற்கும். சந்தேகம் வந்த கேஸைக் கொட்டி எடை போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பார்த்து முடித்த பிறகுதான் புல்லட் வைக்க வேண்டும்.

மணல்மூட்டை

அக்கா, முடிந்த தோட்டாவை எடை போட்டால் பவுடர் இல்லாதது தெரிந்துவிடாதா? குறைந்ததை ஒதுக்கிவிடலாமே.

ரேவதி_ரிவால்வர்

தெரியாது. ஒரே கம்பெனி கேஸ்களிலேயே ஒன்றுக்கொன்று ஓரிரு கிரெய்ன் மாறும், பல கம்பெனி கலந்திருந்தால் இன்னும் கூடும். வார்த்த ஈயப் புல்லட்டும் ஒரு கிரெய்ன் அங்கே இங்கே போகும். இத்தனை ஏற்ற இறக்கத்துக்குள் நாலு கிரெய்ன் பவுடர் காணாமல் போனால் ஒளிந்துகொள்ளும். புல்லட் வைத்த பிறகு கண்டுபிடிக்க நல்ல வழி இல்லை. சந்தேகமானால் புல்லட்டை வெளியே எடுக்கும் சுத்தியல் புல்லரில் தட்டிப் பிரிக்க வேண்டியதுதான்.

பவுடர் இல்லாத தோட்டா சும்மா போகாது. பிரைமர் மட்டுமே புல்லட்டைத் தள்ளிக் குழலின் நடுவில் நிறுத்திவிடும். ‘டப்’ என்று மெல்லிய சத்தம், உதைப்பு இல்லை. அடுத்த தோட்டா அதன் பின்னால் போய் மோதினால் குழல் புடைக்கும் அல்லது வெடிக்கும். ரேஞ்சில் சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். துப்பாக்கியை இலக்கை நோக்கிப் பிடித்தபடி அரை நிமிடம் காத்திருந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலில் கம்பி விட்டுப் பாருங்கள். போட்டி நேரம் ஓடுகிறதே என்று அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள்.

பழைய தராசு

ரேவதி சொன்னதோடு மேசை ஒழுங்கு ஒன்று. மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. மற்றவை அலமாரியில். எந்தப் பவுடர் என்பதை ஹாப்பரில் சீட்டு ஒட்டி எழுதுங்கள். வேலை முடிந்ததும் ஹாப்பரில் மீந்ததை அதே டப்பாவுக்குத் திருப்பி ஊற்றி மூடுங்கள். இரவு முழுக்க ஹாப்பரில் விட்டால் நைட்ரோகிளிசரின் கலந்த பவுடர் பிளாஸ்டிக்கை அரிக்கும், வெளிச்சமும் காற்றும் பவுடரையும் கெடுக்கும். பெயர் தெரியாத பவுடர் மீந்தால் நிறத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள், அது கழிவு.

செழியன்_38

பீம் தராசும் எடைக்கல்லும் வந்துவிட்டன. 260 மில்லிகிராம் வைத்து 4.0-இல் நிறுத்தினால் முள் கோட்டுக்கு மயிரிழை மேலே நிற்கிறது, 4.01 என்பதால் அது சரிதானே? எடுத்து எடுத்து வைத்தாலும் அதே இடம். 500 மில்லிகிராம் 7.7 காட்டுகிறது. பவுடர் 38 ஸ்பெஷலுக்குப் பருமனான செதில் வகை எடுத்திருக்கிறேன், கேஸில் பாதிக்கு மேல் தெரிகிறது.

ஆனால் 308-ஐ நினைத்து 2.7 கிராமும் வைத்துப் பார்த்தேன். 41.7 வர வேண்டிய இடத்தில் 41.5-இல் முள் நடுவுக்கு வருகிறது. கீழே சரி, மேலே தப்பு. ஏன்?

ஐந்தாம்_வளையம்

முதலில் பெரிய கல் உட்காரும் வெட்டுகளைப் பாருங்கள். பழைய தராசில் அங்கே தூசியும் பிசுக்கும் படியும், கல் வெட்டின் அடிவரை போகாது. உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். நீங்கள் 4 கிரெய்ன் அளக்கும்போது பெரிய கல் பூஜ்யத்தை விட்டு நகர்வதே இல்லை, அதனால் அங்கே தப்பு தெரியாது. காரணம் பெரும்பாலும் இதுதான்.

நிலா_எஸ்

துடைத்த பிறகும் 41.5 என்றே நின்றால் தராசைத் தூக்கி எறிய வேண்டாம். பதிலீட்டு முறை என்று ஒன்று இருக்கிறது, 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு விஞ்ஞானி போர்தா பெயரில் வழங்குவது. தட்டில் 2.7 கிராம் எடைக்கல் வையுங்கள். முள் நடுவுக்கு வரும்வரை கற்களை நகர்த்துங்கள். எந்த எண்ணில் நிற்கிறது என்பதை விடுங்கள். இப்போது எடைக்கல்லை எடுத்துவிட்டு, கற்களைத் தொடாமல், அதே தட்டில் பவுடர் போட்டு முள்ளை அதே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தட்டில் இருப்பது 41.67 கிரெய்ன். தராசின் கோடுகள் தப்பாக இருந்தாலும் உங்கள் எடை தப்பாது, ஏனென்றால் ஒப்பிட்டது எடைக்கல்லோடுதான். உங்கள் மேனுவல் அளவு வேறாக இருந்தால் அதற்கு ஏற்ற கல் கூட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 மில்லிகிராம் படியில் சேர்த்தால் 0.15 கிரெய்ன் வரை நெருங்கலாம், செட்டில் 1, 2, 5 மில்லிகிராம் கற்களும் இருந்தால் இன்னும் நெருங்கலாம்.

4.0-க்கு மயிரிழை மேலே நிற்பது சரிதான், அப்படித்தான் நிற்க வேண்டும். அந்த இடத்தை ஒரு அட்டையில் வரைந்து தராசுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் 260 மில்லிகிராம் வைத்து அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அட்டையிலேயே பவுடர் டப்பாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் எழுதிவிடுங்கள். லாட் மாறினால் மெஷர் அமைப்பு பழையதாக இருந்தாலும் விழும் எடை மாறும், எரியும் வேகமும் கொஞ்சம் மாறலாம். புது டப்பா திறந்த அன்று மேனுவலின் தொடக்க அளவுக்கே போய் அங்கிருந்து மறுபடி ஏறி வாருங்கள்.